நாள் பார்த்து டிக்கெட் போட்டாச்சு... நோயின் பஞ்சாங்கம் பார்த்தீர்களா?

ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்த்துத்தான் நம்மில் பலர் வெளிநாடு கிளம்புகிறோம். நோய்களுக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது, தெரியுமா?

கென்யாவுக்குச் சிங்கம் பார்க்கப் போகிறீர்களா? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கு அத்தாட்சியான ‘யெல்லோ ஃபீவர் கார்டு’ என்கிற சின்ன மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால், நம் நாட்டு விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்! “எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே சார்” என்றால் எடுபடாது. மஞ்சள் காய்ச்சல் கிருமி உடம்புக்குள் புகுந்து வெளியே தலைகாட்ட 3 முதல் 6 நாள் ஆகும். அந்தக் கணக்குத்தான் இது.

நம்மூரில் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் ஊர்களில் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. கொசு இங்கே கோடிக்கணக்கில் தயார். கிருமி மட்டும் இன்னும் வரவில்லை! ஏன் வரவில்லை என்று விஞ்ஞானிகள் இன்றும் விவாதிக்கிறார்கள். விமான நிலைய அதிகாரிகள் கறாராக இருப்பதில் தப்பே இல்லை. 2016-ல் அங்கோலாவில் இந்தக் காய்ச்சல் வெடித்தபோது, அங்கே வேலைக்குப் போயிருந்த சீனர்கள் 11 பேர் நோயோடு ஊர் திரும்பினார்கள். ஆசியாவுக்குள் மஞ்சள் காய்ச்சல் வந்ததாகப் பதிவானது அதுதான் முதல் தடவை! அதே ஆண்டு பக்கத்து காங்கோவில் தடுப்பூசித் தட்டுப்பாடு. ஒரு டோஸை ஐந்தாகப் பிரித்துப் போட்டார்கள், தெரியுமா?

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். ஊசியையும் அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல. தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொண்டு ஃபிளைட் ஏற முடியாது! ஆனால் ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். 2016 ஜூலையிலிருந்து உலக விதி இதுதான். இந்த ஊசியை உருவாக்கிய மேக்ஸ் தெய்லருக்கு 1951-ல் நோபல் பரிசே கிடைத்தது. இது கோழி முட்டையில் வளர்க்கப்படும் மருந்து. முட்டை அலர்ஜி உள்ளவர்களும், 60 வயதைத் தாண்டியவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கையை நீட்டக் கூடாது.

ஹோட்டலில் ஒரே ஒரு ராத்திரி தங்கினால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? 2003 பிப்ரவரியில் ஹாங்காங் மெட்ரோபோல் ஹோட்டலின் 9-வது மாடியில் சீன டாக்டர் ஒருவர் தங்கினார். அவரிடமிருந்து மற்ற விருந்தினர்களுக்குத் தொற்றிய சார்ஸ் என்ற சுவாச நோய், வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று விமானம் ஏறிவிட்டது!

கப்பல் பத்திரம் என்று நினைக்காதீர்கள். 2020-ல் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸில் இருந்தவர்கள் 3,711 பேர். கொரோனா தொற்றியது 712 பேருக்கு!

தேனிலவு ஜோடிகளே, கருவைப் பாதிக்கும் ஜிகா வைரஸ் பரவும் நாட்டுக்குப் போய் வந்தால் குழந்தைக்கான திட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். மனைவி மட்டும் போய் வந்தால் 2 மாதம். கணவர் போயிருந்தால் 3 மாதம்! ஆண்களின் விந்தில் அந்தக் கிருமி அதிக நாள் தங்கிவிடுகிறது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்கிறீர்களா? நோய் பரவுவது ஊரறிந்த பிறகு எடுத்த பாலிசியில், அந்த நோயால் பயணம் ரத்தானால் பல நிறுவனங்கள் பணம் தருவதில்லை. பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள்.

திரும்பி வந்ததும் கதை முடிந்துவிடவில்லை. மலேரியாத் தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றை ஊர் வந்த பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும். எபோலா உடம்பில் 21 நாள் வரை பதுங்கியிருக்கும். மலேரியா சில சமயம் மாதக்கணக்கில்! ஆகவே ஊர் வந்து எத்தனை நாள் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும் சரி, டாக்டரிடம் முதல் வார்த்தையாக எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.