உங்களுக்குத் தெரியுமா? கணினிக்கு ஒரு பூஜ்யத் தேர்வு

மரக்காணம் கடற்கரையில் உப்பளங்கள் நிறைய. உப்புநீரின் பக்குவத்தைச் சொல்லும் அளவு ‘டிகிரி பாமே’. 1768இல் பிரெஞ்சு வேதியியலர் அந்துவான் பாமே வகுத்தது. கடல்நீர் சுமார் 3. ஏறத்தாழ 25ஐ எட்டினால் உப்பு படியத் தொடங்கும்.

● 25 டிகிரி பாமேயின் ஒப்படர்த்தி: 145 ÷ (145 − 25) = 1.208.

● நீரைவிட லேசான திரவங்களுக்குச் சூத்திரம் வேறு: 140 ÷ (130 + 25) = 0.903. ஒப்படர்த்தியைக் கணக்கிடும் கணினி தவறுதலாக இதைப் போட்டால், உப்புநீர் நன்னீரைவிட லேசாகிவிடும்!

● தவறைக் கண்டுபிடிக்க எளிய வழி: கணினிக்கு 0 கொடுங்கள். விடை 1 என்றால் சரி, 1.077 என்றால் சூத்திரம் மாறிப்போயிருக்கிறது.

● பாமே அளவைக் காட்டும் மிதவைமானியையும் நன்னீரில் விட்டுப் பாருங்கள். 0வை ஒட்டிக் காட்டவேண்டும்.

● இக்கணக்கு 15.6 டிகிரி செல்சியஸுக்கானது. வெயிலில் சூடேறிய பாத்தி நீருக்கு வெப்பத் திருத்தம் அவசியம்.