வாடிய குறுமரத்துக்கு மறுவாழ்வு

புதுவையின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், ஏரிப் பாசன வயல்களின் ஓரமாக அமைந்த ஓர் இல்லத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் நாம் சென்றிருந்தோம். அவ்வீட்டு அம்மையார் நம்மை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, ஒரு சிறிய சிமெண்டுத் தொட்டியைக் காட்டினார். அதில் முழங்கால் உயரத்திற்கு ஒரு ஜூனிப்பர் மரம் நின்றது. ஒரு பக்கம் முழுவதும் பழுப்பேறிக் காய்ந்திருந்தது. மறுபக்கத்தில் மட்டும் மங்கிய பசுமை தெரிந்தது.

"என் மகன் பிரான்சுக்குப் போகுமுன் தன் கையால் வைத்தது, ஐயா. ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வருகிறான். அதற்குள் படத்தில் காணும் ஜப்பானியக் குறுமரம் போல இதை அழகாக்கித் தர இயலுமா?" என்று கேட்டார்.

கேட்டது சிறிய உதவிதான். ஆயினும் "ஆகட்டும், அம்மா" என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நாம் செய்த பிழை

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், வில்லியனூரில் நமது இல்லத்திலும் இவ்வாறே கவனிப்பாரற்றுக் கிடந்த ஜூனிப்பர் ஒன்று இருந்தது. போன்சாய்க் கலையைப் பற்றிச் சிறிது படித்த துணிவில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதன் வேர்களை மண்ணின்றிக் கழுவி, கிளைகளில் பாதிக்கு மேல் வெட்டி, எஞ்சியவற்றைக் கம்பியால் வளைத்துப் புதுத் தொட்டியில் நட்டோம். மாலையில் வந்தவர்கள் யாவரும் பாராட்டினர். இரண்டு மாதம் மரம் பச்சையாகவே நின்றது. நாமும் பிழைத்துக்கொண்டது என்று மகிழ்ந்தோம். பின்னர்ப் பத்தே நாள்களில் வைக்கோல் நிறமாயிற்று.

உண்மை யாதெனில், அது நட்ட சில நாள்களிலேயே இறந்துவிட்டது. வேர் செத்த பின்னரும் ஜூனிப்பரின் தழை வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். நாம் இரண்டு மாதம் நீர் ஊற்றியது உயிரற்ற மரத்திற்கே.

நம் ஊர்ப் புளியையும் ஆலையும் பார்த்துப் பழகிய கண்கள் இங்கே ஏமாறுகின்றன. அவற்றை மொட்டையாக வெட்டினாலும் அடிமரத்திலிருந்து தளிர் வெடிக்கும். ஜூனிப்பரோ, தழையற்ற பழைய கட்டையிலிருந்து தளிர் விடுவது மிக அரிது. ஒரு கிளையின் பசுமை முழுவதையும் நீக்கினால் அக்கிளை முடிந்தது என்றே கொள்ள வேண்டும்.

குளிர்நாட்டு விருந்தாளி

ஜூனிப்பர் பெரும்பாலும் வட அரைக்கோளத்தின் மலைகளுக்கு உரிய மரம். நம் நாட்டில் இமயமலைப் பகுதிகளில் தானே வளர்கிறது. லடாக் மக்கள் அதன் தழையைத் தூபமாக இடுவர். நமது கடலோரச் சமவெளியில் அது விருந்தாளியே. ஆகவே இங்கு அதற்குச் சற்றுக் கூடுதல் பரிவு வேண்டும்.

விவிலியம் வாசிப்போர் இம்மரத்தின் பெயரை வேறொரு வழியில் சந்தித்திருக்கக்கூடும். மனம் சோர்ந்த இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டினார் என்று அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் கூறுகிறது. தமிழில் அது சூரைச்செடி. இலத்தீன் வுல்காத்தா அதனை ஜூனிப்பர் என்றே குறிக்கிறது. எபிரேயச் சொல் சுட்டுவது வெண்பூப் பூக்கும் பாலைப் புதர் ஒன்றையே என்பர் அறிஞர். செடி எதுவாயினும், அங்கு நிகழ்ந்தது கருதத்தக்கது. வானதூதர் எலியாவை உடனே நடக்கச் சொல்லவில்லை. அப்பமும் நீரும் தந்தார், உறங்க விட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். நாற்பது நாள் பயணம் அதன் பின்னரே. வாடிய மரத்தைக் கையில் எடுப்பவரும் இவ்வரிசையை மாற்றலாகாது.

முதல் ஆண்டு: ஓய்வும் உணவும்

எனவே அந்த அம்மையாரிடம், "இவ்வாண்டு கத்தியே வேண்டாம், அம்மா" என்றோம். அவர் முகம் வாடியது. ஆயினும் இணங்கினார்.

மரத்தை மாடியின் அனலிலிருந்து இறக்கி, காலை வெயில் படும் முற்றத்தில் வைத்தோம். வீட்டுக் கூடத்தில் அழகுக்காக வைக்கப்படும் ஜூனிப்பர் நீண்ட நாள் வாழாது. வெயிலும் காற்றும் அதற்கு இன்றியமையாதவை. கத்திரி வெயில் நாள்களின் பிற்பகலில் மட்டும் நிழல் தேவை. அடைந்திருந்த வடிகால் துளையைத் திறந்தோம். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, சற்று உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுமாறு கூறினோம். இளந்தளிர் தெரிந்த பிறகு மட்கிய எருவைச் சிறிது சிறிதாக இட்டோம்.

தழையின் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினோம். தாளில் விழுந்த நுண்ணிய புள்ளிகள் நகர்ந்தன. அவை சாறுறிஞ்சும் செஞ்சிலந்திகள். தழையின் அடிப்புறம் நன்கு படுமாறு சில நாளுக்கு ஒருமுறை நீரைப் பீய்ச்சியதில் அவை குறைந்தன.

மழைக்காலத்தில் வேர் அழுகுவதே பேராபத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாள்களில் தொட்டியின் ஒரு பக்கத்தில் செங்கல்லை வைத்துச் சாய்த்துவிட்டால் நீர் தேங்காது வடிந்துவிடும்.

கத்தி எடுக்கும் காலம்

ஜப்பானில் 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திற்குப் பின் தோக்கியோவின் குறுமரக் கலைஞர்கள் இடம்பெயர்ந்து, 1925இல் ஓமியாவில் ஒரு போன்சாய்ச் சிற்றூரையே அமைத்தனர். அங்கு 1940இல் பிறந்த மசாஹிக்கோ கிமுரா, முதிய ஜூனிப்பர் மரங்களுக்குப் புதுவடிவம் தருவதில் உலகப் புகழ் பெற்றவர். அவர் 15 வயதில் ஆசானிடம் சேர்ந்து 11 ஆண்டுகள் பயின்றார் என்பதை நினைத்தால் நமது அவசரம் அடங்கும்.

இரண்டாம் ஆண்டின் தை மாதத்தில், மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன், நாம் வெட்டத் தொடங்கினோம். முதலில் அடிமரத்தின் எப்பக்கம் முகமாக அமையும் என்று தீர்மானித்தோம். பின்னர் ஒன்றையொன்று மறைக்கும் கிளைகளை நீக்கினோம். ஒரே தடவையில் மொத்தப் பசுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவில்லை. பட்டைக்கு அடியில் வேரிலிருந்து கிளைக்குச் செல்லும் உயிரோட்டப் பாதை ஜூனிப்பரில் தனித்தனியே அமைந்திருக்கும். அதை அறுத்தால் அதற்குரிய கிளை மாளும். எஞ்சிய கிளைகளுக்கு அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி மெல்ல வளைத்தோம். கம்பி பட்டையில் பதியுமுன் அவிழ்க்க வேண்டுமென்பதால் மாதந்தோறும் பார்வையிட்டோம்.

தொட்டி மாற்றியது மூன்றாம் ஆண்டின் தையில். வேர்மண்ணில் பாதியைத் தொடாமல் விட்டு, பருமணலும் சலித்த செங்கல் துண்டுகளும் சிறிது செம்மண்ணும் கலந்து நட்டோம். தொட்டி வில்லியனூர்க் குயவர் வனைந்த தாழ்ந்த மண்தொட்டி. அவ்வூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. மெருகிடாத சுடுமண் நீரைக் கசியவிட்டு வேரைக் குளிர்விப்பதால் நம் வெயிலுக்கு அது மிகவும் ஏற்றது.

மகன் செய்த வேலை

அந்த முதல் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மகன் வந்தபோது மரம் அழகாக இல்லை. பச்சைப் பக்கத்தில் சில புதுத்தளிர்கள் மட்டுமே இருந்தன. அவரோ நெடுநேரம் அதனருகே நின்று, "இன்னும் இருக்கிறதா!" என்றார்.

அன்று அவர் செய்யக்கூடிய வேலை ஒன்று இருந்தது. காய்ந்த கிளைகளைத் தொடுவதால் உயிருள்ள பகுதிக்குத் தீங்கில்லை. ஜப்பானியர் அத்தகைய கிளைகளை வெட்டி மறைப்பதில்லை. பட்டையை உரித்து, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலைப் பூசி, வெண்மையாகவே நிற்கவிடுவர். அதற்கு 'ஜின்' என்று பெயர். தாயார் அருகே அமர்ந்திருக்க, மகன் ஒரு பிற்பகல் முழுவதும் பட்டையை உரித்தார். வெண்ணிறமான அக்கிளை இன்றும் பசுந்தழையின் பக்கத்தில் நீட்டி நிற்கிறது.

நம் இல்லங்களின் மாடியிலும் பின்கட்டிலும் இத்தகைய தொட்டிகள் எத்தனையோ உண்டு. எறிந்துவிடுமுன் பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பசுமையும் ஈரமும் இருப்பின், கத்தியைத் தேடாதீர்கள். நல்ல இடமும் நீரும் எருவும் கொடுத்து, ஓராண்டு காத்திருங்கள்.