பணம் எந்த மேசையில் நிற்கிறது?

"கேட்ட தாளெல்லாம் கொடுத்தாச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வந்துடுச்சு. எனக்கு மட்டும் ஏன் வரலை?" பி.எம். கிசான் உதவித்தொகை பற்றி வட்டார வேளாண்மை அலுவலகங்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆண்டுக்கு ரூ.6,000, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ரூ.2,000. தொகை சிறிதுதான். ஆனால் மேலுரம் வாங்க வேண்டிய வாரத்தில் அது வராவிட்டால், சிறு விவசாயி கைமாற்றுக்குத்தான் போக வேண்டும்.

பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்று இடங்கள்தான். நில விவரம் சேராதது, இ-கே.ஒய்.சி. முடிக்காதது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாதது. மூன்றும் மூன்று அலுவலகங்களின் வேலை. நிலத்துக்கு வேளாண்மைத் துறையும் கிராம நிர்வாக அலுவலரும். இ-கே.ஒய்.சி.க்குப் பொது சேவை மையம். ஆதார் இணைப்புக்கு வங்கி. வங்கியில் சிக்கல் உள்ளவர் பட்டா நகலோடு வேளாண்மை அலுவலகத்துக்கு நான்கு முறை அலைவது சாதாரணமாக நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நகலை வாங்கிக் கட்டில் சேர்த்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் 'இல்லை' என்று காட்டுகிறது என்று கணினியில் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைப் பார்ப்பது யார் வேலை என்றுதான் யாரும் ஒதுக்கவில்லை.

இத்தனை சரிபார்ப்பு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2020-இல், கொரோனா காலத்தில், தமிழ்நாட்டில் இத்திட்டத்தில் தகுதியற்றவர்கள் 5 லட்சத்துக்கும் மேல் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. சுமார் ரூ.110 கோடி தவறான கணக்குகளுக்குப் போனதாக அரசே அறிவித்தது. அலுவலகப் பயன்பாட்டுக்கான கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போனதுதான் வழியைத் திறந்துவிட்டது. பதிவு செய்யும் கையும் ஒப்புதல் தரும் கையும் ஒன்றானால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. தரகருக்குப் பணம் கொடுத்துச் சேர்ந்த ஏழைகள் பலர் பிறகு அதைத் திருப்பிக் கட்டினார்கள்.

அதன் பிறகு சரிபார்ப்பு கூடியது. பார்க்கும் ஆட்கள் கூடவில்லை. உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் பல கிராமங்களைப் பார்க்கிறார். விதை விநியோகம், மானியப் பதிவு, பயிர் அறுவடைப் பரிசோதனை எல்லாம் அவர் தலையில். கணினி தெரிந்த ஒருவர் விடுப்பில் போனால் அன்றைக்கு அத்தனை மனுவும் நிற்கிறது.

புதிதாக ஆள் போடாமலே சில காரியம் செய்யலாம். வாசலில் ஒருவர் உட்கார்ந்து, வருபவரின் நிலையை முதலில் கணினியில் பார்த்து, 'உங்களுக்கு வங்கியில்தான் வேலை' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் கூட்டத்தில் பாதி அங்கேயே குறையும். ஒரே வேலையை இருவராவது பழகியிருக்க வேண்டும். பதிகிறவர் வேறு, ஒப்புதல் தருகிறவர் வேறு என்பதை ஆள் பற்றாக்குறையைக் காட்டி விட்டுவிடக் கூடாது. வாங்கும் மனுவுக்கு எண் போட்டு ஒப்புகைச் சீட்டு தருவதும் அப்படித்தான். அது இல்லாத இடத்தில்தான் தரகர் பிழைக்கிறார்.

வங்கி விஷயத்தில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. கணக்கில் ஆதார் எண் சேர்ந்திருந்தால் மட்டும் போதாது. அரசின் நேரடிப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று வங்கி தனியாகப் பதிய வேண்டும். இரண்டு வங்கியில் கணக்கு உள்ளவருக்குக் கடைசியாகப் பதிந்த கணக்குக்கே பணம் போகும். 'வரவில்லை' என்று அலைந்தவர்களில் சிலருக்கு, மறந்துபோன பழைய பாஸ்புக்கில் பணம் கிடந்திருக்கிறது. மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த முதியவர்களுக்கு, முகத்தைக் காட்டி இ-கே.ஒய்.சி. முடிக்கும் வசதி செயலியில் உள்ளது. சேவை மையத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கடினமானது நில விவரம்தான். அப்பா இறந்து பத்து ஆண்டு ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பி நால்வருக்கும் கூட்டுப் பட்டா இருக்கும். 1.2.2019-க்குப் பிறகு பெயர் மாறிய நிலத்துக்குத் திட்டத்தில் தடை உண்டு என்றாலும், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. இது தெரியாமல் திருப்பி அனுப்பப்பட்ட மனுக்கள் உண்டு. இந்தச் சிக்கல் வேளாண்மை அலுவலகத்தில் தீராது. வருவாய்த் துறைதான் தீர்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் பசலி முடியும் காலத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி இதற்கு நல்ல வாய்ப்பு. கிராமக் கணக்குகளோடு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். மூன்று மேசைக்கு மூன்று நாள் அலைய வேண்டியதில்லை. பட்டா நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு மனு கொடுத்து, எண் போட்ட சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

மனுவின் நிலை பல மாதம் தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ரூ.10 கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் தரவில்லை' என்று கேட்பதைவிட 'என் மனு இப்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது' என்று கேட்பதே பலன் தரும். பி.எம். கிசான் உதவி எண்: 155261.