சாய்வதற்கு முன் திரும்பிப் பாருங்கள்!



விடுமுறை வந்துவிட்டால் ஊருக்குக் கிளம்புவீர்கள். ரயிலில் ஏறியதும் முதல் சண்டை எதற்கு வரும்? ஜன்னல் சீட்டுக்கு! அந்தச் சண்டையை அம்மாவே தீர்த்துவைத்துவிடுவார். இன்னொரு சண்டை இருக்கிறது. அது பெரியவர்களுக்குள்ளேயே வரும். இருக்கையைப் பின்னால் சாய்ப்பதில் வரும் சண்டை!

"இதில் பேச என்ன இருக்கிறது டீச்சர்? பொத்தானை அமுக்கினால் சீட்டு சாயும். அவ்வளவுதானே?" என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். திருவொற்றியூரில் முப்பத்தைந்து வருடங்கள் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் பாடம் நடத்தியவள் நான். ஆனால் இந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவன் ஒரு சின்னப் பையன்!

சூடான பாடம்

ஒருமுறை என் பேத்தியோடு கோவைக்குப் பகல் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். காட்பாடி தாண்டியதும் முதுகு வலி எடுத்தது. இருக்கையின் பொத்தானை அமுக்கி, தொப்பென்று பின்னால் சாய்ந்தேன். "அம்மா!" என்று பின்னாலிருந்து ஓர் அலறல்!

எழுந்து பார்த்தால், எட்டு வயதுப் பையன் ஒருவன் கையை உதறிக்கொண்டிருக்கிறான். என் இருக்கையின் முதுகில் இருந்த மடக்குப் பலகையை விரித்து, அதன் மேல் சூடான பாலை வைத்திருக்கிறான். நான் சாய்ந்த வேகத்தில் பலகை ஆடி, பால் அவன் கையில் கொட்டிவிட்டது.

அவனுடைய அம்மா அவனைக் குழாயடிக்கு அழைத்துப் போய், வெகுநேரம் தண்ணீரில் கையைக் காட்டினார். நல்ல வேளை, கொப்புளம் வரவில்லை. கை சிவந்ததோடு போயிற்று. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"மன்னிச்சுக்கோப்பா" என்றேன்.

"பரவாயில்ல பாட்டி. அடுத்த தடவை சொல்லிட்டுச் சாயுங்க. நான் கப்பைக் கையில எடுத்துக்குவேன்" என்றான் அவன்.

என் பேத்தி விடுவாளா? "ஆயா, நீ எங்களுக்குச் சொல்றதைத்தான் அவன் உனக்குச் சொல்றான்!" என்றாள். அன்று பட்ட வெட்கம்தான் இந்தக் கட்டுரை!

பலகை மெத்தையான கதை

நம் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் அதுதான். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. 1856-ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. அந்தப் பழைய கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

ரயில் வந்துவிட்டது. ஆனால் சுகமான இருக்கை எல்லாருக்கும் கிடைத்துவிட்டதா? இல்லை. பணக்காரர்களுக்கு மெத்தை, ஏழைகளுக்கு மூன்றாம் வகுப்பில் வெறும் மரப்பலகை! இரவெல்லாம் அந்தப் பலகையில் படுத்து எழுந்தால், காலையில் இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கும்.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் எடுக்கப்பட்டது. பெயர் போனாலும் பலகை போகவில்லை. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்தவர் மது தண்டவதே. சாதாரண மக்கள் படுக்கும் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளிலும் இரண்டு அங்குல நுரை மெத்தை வைக்கச் சொன்னவர் அவர்தான். இரண்டே அங்குலம்! அதற்குள் எத்தனை கோடிப் பேரின் முதுகுவலி தீர்ந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இரண்டு டிகிரிக்கு இத்தனை மதிப்பா?

நம் சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு தொடங்கி வைத்தது. 2018-இல் முதல் வந்தே பாரத் ரயிலை உருவாக்கியதும் இந்தத் தொழிற்சாலைதான். 2023-இல் அந்த ரயிலில் பல மாற்றங்கள் செய்தார்கள். அதில் ஒன்று, இருக்கை சாயும் கோணத்தை 17.31 டிகிரியிலிருந்து 19.37 டிகிரியாகக் கூட்டியது. கழித்துப் பாருங்கள், இரண்டு டிகிரிதான் வரும். பயணிகளின் முதுகுக்காக அந்த இரண்டு டிகிரியையும் பொறியாளர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்!

இப்போது உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறங்கள். 30 செ.மீ. ஸ்கேலை மேஜை மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பாகைமானியை வைத்து அதை 20 டிகிரி சாயுங்கள். ஸ்கேலின் அடி நகரவில்லை. ஆனால் நுனி ஏறக்குறைய 10 செ.மீ. தள்ளிப் போயிருக்கும். இருக்கையின் முதுகு அந்த ஸ்கேலைப் போல இரண்டு மடங்கு உயரம் என்றால்? நுனி 20 செ.மீ. நகரும்!

அந்த 20 செ.மீ. எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து குதித்ததா? இல்லை, பின்னால் இருப்பவரின் முகத்துக்கு முன்னால் இருந்த இடம்தான் அது. சில ரயில்களிலும் விமானங்களிலும் பின்பக்க ஓடு அசையாது, இருக்கை மட்டும் முன்னால் நகரும். அங்கே குறைவது நம் சொந்தக் காலிடம். மற்ற இடங்களில் நம் சுகத்துக்கு இடம் கொடுப்பவர், நாம் முகம்கூடப் பார்த்திராத ஒருவர்.

அப்படியானால் சாயவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. சாய்வதற்குத்தானே பொத்தான் வைத்திருக்கிறார்கள்! முதுகுவலிக்காரர்களுக்கு அது பெரிய வரம். சாய்வது தப்பில்லை குழந்தைகளே, சொல்லாமல் சாய்வதுதான் தப்பு.

எட்டால் வகுத்துப் பாருங்கள்!

இரவு ரயிலில் போகிறீர்களா? உங்கள் படுக்கை எது என்று டிக்கெட்டைப் பார்த்தே கண்டுபிடிக்க ஒரு வித்தை சொல்கிறேன். மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டி என்றால், படுக்கை எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ்ப் படுக்கை. 2 அல்லது 5 என்றால் நடுப் படுக்கை. 3 அல்லது 6 என்றால் மேல் படுக்கை. 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை, மீதியே இல்லையென்றால் பக்கவாட்டு மேல் படுக்கை. எண் 45 எது? நீங்களே சொல்லுங்கள்!

நடுப் படுக்கை என்று கண்டுபிடித்தீர்களா? சபாஷ்! அதில்தான் சிக்கல் இருக்கிறது. அதைத் தூக்கி மாட்டிவிட்டால், கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. தலை இடிக்கும். அதனால்தான் ரயில்வே ஒரு விதி வைத்திருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் அது தூங்கும் நேரம். விடிந்த பிறகும் நடுப் படுக்கையில் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தால், கீழே ஒருவர் கூன் போட்டுக் காத்திருக்கிறார் என்று பொருள். ஆனால் நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் கொஞ்சம் கூடுதலாகப் படுத்திருந்தால் மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும். விதி சொல்வது அதையும்தான்.

வயதான தாத்தாவுக்கு மேல் படுக்கை கிடைத்துவிட்டதா? உங்கள் வீட்டில் யாருக்காவது கீழ்ப் படுக்கை இருந்தால் மாற்றிக் கொடுக்கலாமா என்று அப்பா, அம்மாவைக் கேளுங்கள்.

விமானத்தில் ஏன் நிமிர்த்தச் சொல்கிறார்கள்?

விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும், "இருக்கையை நிமிர்த்துங்கள், பலகையை மூடுங்கள்" என்று சொல்வார்கள். இது அழகுக்காக அல்ல. ஆபத்து வந்தால், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று பெரிய பயணிகள் விமானங்களுக்குச் சோதனை மூலம் காட்ட வேண்டும். முன் சீட்டு சாய்ந்திருந்தால், பின்னால் இருப்பவர் எழுந்து வெளியே வருவதே சிரமம். அப்போது நம் சாய்வு இன்னொருவரின் உயிருக்கே தடை ஆகிவிடும்.

நம்ம ஊரில் பொத்தானே இல்லை!

இவ்வளவும் சொன்னேனே, நம் வடசென்னைக்காரர்களுக்கு இது புதுப் பாடமா என்ன? கடற்கரையிலிருந்து எண்ணூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் காலையில் ஏறிப் பாருங்கள். அங்கே சாயும் சீட்டும் இல்லை, பொத்தானும் இல்லை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒருவர் வருவார். "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்பார். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்வார்கள். ஒரு சாண் இடம் பிறந்துவிடும்! இரவு வேலை முடிந்து வரும் தொழிலாளி பக்கத்தில் இருப்பவரின் தோளில் தூங்கி விழுவார். அவரும் எழுப்பாமல் விட்டுவிடுவார்.

கேட்பது, நகர்ந்து கொடுப்பது. இரண்டையும் நாம் தினமும் செய்கிறோம். சொகுசு இருக்கை கிடைத்ததும் ஏன் மறந்துபோகிறோம்?

பயணப் பையில் இவற்றையும் வையுங்கள்:

* சாய்வதற்கு முன் திரும்பிப் பாருங்கள், கேளுங்கள், மெதுவாகச் சாயுங்கள்.

* சாப்பாட்டு நேரத்தில் இருக்கையை நிமிர்த்துங்கள்.

* முன் சீட்டை உதைக்காதீர்கள், பிடித்து உலுக்காதீர்கள்.

* உங்கள் முன்னால் இருப்பவர் சாய்ந்து இடைஞ்சலாக இருந்தால், சண்டை வேண்டாம். அந்தப் பையனைப் போலப் பணிவாகச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து திரும்பி வரும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? பொத்தானில் கை வைத்தேன். பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து திரும்பி, பின்னால் இருந்த அம்மாவிடம், "கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "இப்போ தாராளமா சாஞ்சுக்கங்க!" என்றார் சிரித்தபடி.

அன்று என் முதுகு வலிக்கவே இல்லை!