நகரம் யாருக்கு? – 9: டட்லி தெருக்காரர்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மையப் பகுதியிலிருந்து இரண்டு மைல்கூட இல்லாத தூரத்தில் இருக்கிறது ராக்ஸ்பரி. அங்கே டட்லி தெருவைச் சுற்றி 1980-களில் சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன. வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே வீட்டுக்குத் தீ வைத்ததும் நடந்தது. அந்தக் காலி மனைகளில் வெளியாட்கள் லாரி லாரியாகக் கட்டட இடிபாடுகளையும் ஓட்டை உடைசல் கார்களையும் அழுகிய இறைச்சியையும் கொட்டிவிட்டுப் போனார்கள். கோடையில் ஜன்னலைத் திறக்க முடியாது. பிள்ளைகள் அதற்கு நடுவில்தான் விளையாடின.

1984-ல் ஓர் அறக்கட்டளை பணத்தோடு முன்வந்தது. தொண்டு நிறுவனங்கள் கூடித் திட்டம் போட்டன. 1985 பிப்ரவரியில், ஒரு தேவாலயத்தில் மக்களைக் கூட்டி அதை விளக்கினார்கள். நம் ஊர் கருத்துக்கேட்புக் கூட்டம் மாதிரிதான். ஆனால், பேசியவர்களில் எத்தனை பேர் இந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள் என்று கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒருவர்கூட இல்லை.

அதன்பிறகு நடந்ததற்காகவே அந்த அறக்கட்டளையைப் பாராட்ட வேண்டும். கோபித்துக்கொண்டு போகாமல் விட்டுக்கொடுத்தது. குடியிருப்பவர்களுக்குப் பெரும்பான்மை தரும் நிர்வாகக் குழுவோடு ஒரு மக்கள் அமைப்பு உருவானது. கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், கேப் வெர்டியர், வெள்ளையர் என நான்கு தரப்புக்கும், தலைக்கணக்குப் பார்க்காமல், சம இடங்கள். கூட்டங்கள் மூன்று மொழிகளில் நடந்தன.

முதல் வேலையாக வீடு கட்ட இறங்கவில்லை, குப்பையை எடுத்தார்கள். ‘எங்கள் மேல் கொட்டாதே’ என்று 1986-ல் இயக்கம் நடத்தி, மேயர் ரே ஃபிளினை நெருக்கினார்கள். சட்டவிரோதக் குப்பைக் கிடங்குகள் மூடப்பட்டன. இது சரியான வரிசை என்றே நினைக்கிறேன். பத்து வருடம் ஏமாந்த மக்கள், வரைபடத்தைப் பார்த்து எழுந்து வர மாட்டார்கள்.

1987-ல் தங்கள் திட்டத்தைத் தாங்களே வகுத்தார்கள். காலி மனைகளோ பல தனியார் பெயர்களில் சிதறிக் கிடந்தன. 1988-ல், அவற்றைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை பாஸ்டன் மறுசீரமைப்பு ஆணையம் இந்த மக்கள் அமைப்புக்கே கொடுத்தது. அமெரிக்காவில் அதற்குமுன் எந்தக் குடியிருப்போர் அமைப்புக்கும் கிடைக்காத அதிகாரம் அது. 1950-களின் கடைசியில் இதே நகரத்தில் ‘வெஸ்ட் எண்ட்’ பகுதியை இடித்து, ஆயிரக்கணக்கான ஏழைகளை விரட்டியதும் இதே அதிகாரத்தால்தான்! கை மாறியதும் அது வீடு கட்டக் கிளம்பியது.

நிலம் ஒரு மக்கள் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். வீடு வாங்குபவருக்கு வீடு சொந்தம். நிலம் 99 ஆண்டு குத்தகை. விற்கலாம், ஆனால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. அதனால் பகுதி அழகானதும் பழைய குடும்பங்கள் வாடகை உயர்ந்து ஓட வேண்டியதில்லை. இப்படி 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்திருக்கின்றன.

உங்கள் பகுதியில் மறுகட்டுமானப் பேச்சு எழுந்தால், கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். பூங்கா எங்கே, விளக்கு எங்கே என்பதோடு நிற்காமல், வேலை முடிந்தபின் நிலம் யார் பெயரில் இருக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

(தொடரும்)