வெயிலுக்கு ஏற்ற தளர்வான ஆடை

கடந்த கோடையில் ஒரு பிற்பகல், ராஜபாளையத்தை அடுத்த சிற்றூரிலிருந்து எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரை எங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். பக்கவாதத்திற்குப் பின் பெரும்பாலும் படுக்கையிலேயே இருப்பவர். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. தோல் வறண்டு கொதித்தது, பேச்சு குழறியது. தகரக் கூரையின் கீழ், இறுக்கமான பாலியஸ்டர் நைட்டியும் உள்பாவாடையும் அணிந்து காலை முதல் படுத்திருந்தார். உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை உடனே தொடங்கப்பட்டது. நான்காம் நாளில்தான் மகளை அடையாளம் கண்டு பேசினார்.

அந்த மகள் தையல் தொழிலாளி. "ஊருக்கெல்லாம் நைட்டி தைக்கிறேன் டாக்டர், எங்க அம்மாவுக்கு எதைப் போடணும்னு தெரியாமப் போச்சே" என்று வருந்தினார். ஆடை ஒன்றே அந்நிலைக்குக் காரணமன்று; கூரையும், நீர்க் குறைவும், மருந்துகளும் சேர்ந்தே அதனை உண்டாக்கின. ஆயினும் ஒரே நாளில் நம் கையால் மாற்றக்கூடியது ஆடைதான். எனவே அவருக்கு நாங்கள் கூறியவற்றை இங்கே எழுதுகிறோம்.

தளர்வு ஏன் வேண்டும்?

காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட மிகுந்துவிட்டால், உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். சொட்டி வழியும் வியர்வையால் அப்பயன் இல்லை. முதியோர்க்கு வியர்வை குறைவாகவே சுரக்கும். சுரக்கும் சிறிதளவும் வீணாகாமல் ஆவியாக வேண்டும். அதற்குத் தோலுக்கும் துணிக்கும் இடையே காற்று ஓட வேண்டும்.

பாலைவனத்து நாடோடி மக்களான பெதாவின்கள் அணியும் கறுப்பு அங்கியைப் பற்றிய ஓர் ஆய்வு 1980-இல் வெளிவந்தது. கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை ஏற்றாலும், தளர்ந்த அங்கிக்குள் ஓடும் காற்று அதனைத் தோலை அடையுமுன் கொண்டுசென்றுவிடுகிறது என்றும், வெள்ளை அங்கி அணிந்தவரைவிட அவர்கள் கூடுதலாகச் சூடேறவில்லை என்றும் அது காட்டியது. நிறத்தைக் காட்டிலும் தளர்வு முக்கியம் என்பதே நமக்கு அதிலுள்ள பாடம்.

எந்தத் துணி?

பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்தில் தன் எடையில் 8 விழுக்காடு வரை ஏற்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்காது. நம் பகுதியில் நல்ல பருத்தித் துணிக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. அத்துணி இடைவெளி விட்டு நெய்யப்படுவதால் காற்று எளிதாக உட்புகும். ஆடைக்கு அவ்வளவு இடைவெளி வேண்டா; வாயில், மல் போன்ற மெல்லிய பருத்தித் துணி போதும். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் நெசவின் இடைவெளி சற்றே தெரிய வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் பக்கத்துக் கைத்தறிப் பருத்திச் சேலை வீட்டில் பழையதாய் இருந்தால் அதனினும் நன்று. பலமுறை துவைத்து மென்மையான ஐந்தரை மீட்டர் துணியில் ஓர் ஆடை தாராளமாகத் தைக்கலாம். புதுத்துணியாயின் வெட்டுமுன் ஒருமுறை நனைத்து அலசி உலர்த்துங்கள். பின்னர்ச் சுருங்காது, நெசவிலுள்ள கஞ்சியும் நீங்கும். தைத்த ஆடைக்கும் கஞ்சி போட வேண்டா. அது காற்று நுழையும் வழியை அடைத்துவிடும்.

வெட்டும்போதும் தைக்கும்போதும்

மார்புச் சுற்றளவைவிட 8 அங்குலமாவது கூடுதலாக வையுங்கள். அக்குளும் கழுத்தும் அகன்றிருக்கட்டும். இடுப்பிலும் கையிலும் எலாஸ்டிக் வேண்டா. நடமாடுவோர்க்கு ஆடையின் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு 3 அங்குலம் மேலே நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் தடுக்கி விழ நேரிடும்.

படுக்கையில் இருப்போர்க்கு முதுகுப்புறம் பட்டனோ தடித்த தையலோ கூடாது. அவை அழுத்தும் இடத்தில் படுக்கைப் புண் தோன்றும். தோள் இரண்டிலும் திறப்பு வைத்து நாடாவால் கட்டினால், நோயாளியைத் தூக்காமலேயே ஆடை மாற்றலாம். டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு ரத்தக்குழாய் இணைப்புள்ள கையில் இறுக்கம் அறவே கூடாது. அப்பக்கக் கை முழங்கைக்கு மேலேயே அகலமாக முடியட்டும். சிறுநீர்க் குழாய் உள்ளவர்க்குப் பக்கவாட்டில் திறப்பு வேண்டும், குழாய் மடங்கலாகாது.

ஆடையோடு இவையும்

உள்பாவாடை, ரப்பர் விரிப்பு போன்ற கூடுதல் அடுக்குகளைப் பகலில் இயன்றவரை குறையுங்கள். அறை வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் மின்விசிறிக் காற்று மட்டும் உடலைச் சூடேற்றவே செய்யும். கை, கால், கழுத்தை ஈரத்துணியால் அடிக்கடி துடையுங்கள். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவு குறிக்கப்பட்டவர்கள், கோடைக்கு எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் பெருக்கும் மருந்துகளும், மனநல மருந்துகள் சிலவும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும். எனினும் எம்மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது.

கொதிக்கும் உடலோடு பேச்சுக் குழறலோ, மயக்கமோ, வலிப்போ கண்டால் அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். உணர்வு தெளிவாக இல்லாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

அந்த அம்மையார் மறு பரிசோதனைக்கு வந்தபோது, தம்முடைய பழைய சேலையில் மகள் தைத்த ஆடையை அணிந்திருந்தார். தோளில் நாடா, முதுகில் ஒரு தையலும் இல்லை. செவிலியர் கையை மடக்காமலேயே ரத்த அழுத்தம் பார்த்தார். அதேபோல் இன்னும் இரண்டு தைத்து, துவைத்து மாற்றிக்கொள்ள வைத்திருப்பதாக மகள் கூறினார். உங்கள் வீட்டு நோயாளிக்கு எப்பக்கம் திறப்பு வேண்டும் என்பதை அடுத்த முறை வரும்போது கேளுங்கள். அளவு பார்த்துச் சொல்கிறோம்.