ஐந்து மணிச் சூரியனுக்கு ஒரு திரை
அந்தமானில் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் தைக்கப் பழக வேண்டும்

ஜூன் மாதத்தில் போர்ட் பிளேரில் காலை ஐந்து அடிப்பதற்குள் சூரியன் எழுந்துவிடுகிறது. சென்னையை விட 12 பாகை கிழக்கே இருக்கும் ஊர். ஆனால் கடிகாரம் இரண்டுக்கும் ஒன்றுதான். விளைவு, சென்னைக்கு விடிவதற்குச் சுமார் 50 நிமிடம் முன்பே இங்கே பொழுது புலர்ந்துவிடும். (2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறியது. சூரியன் பழைய நேரத்துக்கே வருகிறது.)

இங்கு நர்ஸாக இருக்கும் என் தங்கை இரவுப்பணி முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது வெயில் இரண்டு மணி நேரம் பழசு. அவள் படுக்கும் அறையின் ஜன்னலோ கிழக்கே பார்த்தது. மெஷினைத் தொட்டே அறியாதவள், அந்த எரிச்சலில்தான் திரை தைக்க உட்கார்ந்தாள்.

முதல் திரை தோற்றது. ஜன்னல் அளவுக்குக் கச்சிதமாகத் துணி வெட்டினாள்; ஒரே சலவையில் அது சுருங்கி, கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெளிச்சம் புகுந்தது. திரையைக் கோத்த ஸ்பிரிங் கம்பியும் உப்புக் காற்றில் துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறை வைத்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் தீவு இது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ., சென்னையைப் போல இரு மடங்கு. சுவரை ஒட்டித் தொங்கிய பகுதியில் பூஞ்சணம் கரும்புள்ளியாய்ப் பூத்தது.

இரண்டாவது முறை அபர்டீன் பஜாருக்குப் போகும் முன் இருவரும் கணக்குப் போட்டோம். ஜன்னல் 4 அடிக்கு 4 அடி. கம்பி ஜன்னலுக்கு 3 இஞ்ச் மேலே, திரை 6 இஞ்ச் கீழே என்றால் உயரம் 57 இஞ்ச். மேல் மடிப்புக்கு 3, கீழ் ஓரத்துக்கு 4, ஆக 64. பருத்தி நூற்றுக்கு ஐந்து சுருங்கும் என்று வைத்து 68. இரண்டு திரைக்கு மூன்றரை மீட்டர் போதும். அகலத்தில் 44 இஞ்ச் பன்னாத் துணியை அப்படியே விட்டுவிடலாம். இரண்டும் சேர்ந்து கம்பியின் நீளத்தைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு வரும், கொசுவம் அழகாக விழும். இரு பக்கமும் துணியின் சொந்தக் கரை இருப்பதால் பக்கத் தையலே வேண்டாம். (கரூரிலிருந்து வெளிநாட்டு ஜன்னல்களுக்கெல்லாம் திரைகள் கப்பலேறுகின்றன, நம் வீட்டு ஜன்னலுக்கு வரும்போதுதான் பழைய வேட்டி ஞாபகம் வருகிறது.)

துணியை முதலில் ஒரு இரவு ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி எடுத்தாள். ஓர் இழையை உருவி, அது விட்ட கோட்டின் மேலேயே வெட்டினால் கோணாது. மெஷினில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் வெறும் ஊசியை ஓட்டிப் பழகியது ஒரு மாலை முழுக்க நடந்தது. கோடு தவறாமல் ஓட்ட வந்தால் திரை தைக்க வந்துவிட்டது என்று அர்த்தம். இதில் வளைவு எதுவுமில்லை.

மேல் மடிப்பு, பாவாடைக்கு நாடா கோக்க மடிப்போமே, அதுவேதான். அரை இஞ்ச் உள்ளே மடித்து, மறுபடி இரண்டரை இஞ்ச் மடித்து அடித்தால் ஓர் இஞ்ச் பருமனுள்ள கம்பி தாராளமாக நுழையும். ஸ்பிரிங்குக்குப் பதில் அலுமினியக் குழாய். அதைச் சுவரிலிருந்து மூன்று இஞ்ச் தள்ளிப் பொருத்தியதால் துணிக்குப் பின்னால் காற்று ஓடியது. வெளிச்சத்தை மறைக்க, சலவை செய்த பழைய கருநீலச் சேலைத் துண்டு ஒன்றை மேல் மடிப்பில் மட்டும் சேர்த்துத் தைத்து, கீழே தனியாகத் தொங்கவிட்டாள். அப்போதுதான் மழைக்காலத்தில் இரண்டும் தனித்தனியே உலரும்.

கீழ் ஓரத்தை மட்டும் அவசரப்பட்டுத் தைக்கவில்லை. தொங்கவிட்ட துணி தன் கனத்தில் சற்று இறங்கும் என்பதால் இரண்டு நாள் அப்படியே விட்டு, பிறகு அளந்து மடித்தாள்.

மேல் தையல் இரண்டு இடத்தில் கோணிக்கொண்டிருந்தது. பிரித்துத் தைக்கவா என்று கேட்டுவிட்டு இரவுப்பணிக்குப் போனாள். மறுநாள் காலை ஏழரைக்குப் படுத்தவள், பிற்பகல் இரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை.